ரெண்டு வயசு கூட்டிக்கணும்

மே 3

கோவில்பட்டி வெயில் இன்னிக்கு ஆளைக் கொன்னுட்டுது. காலையில அஞ்சரைக்கே கிரவுண்டுக்குப் போயாச்சு. அறுபத்திரண்டு பொம்பளப் பிள்ளைக வந்திருக்கு. புது ஹாக்கி அகாடமியில இருக்கிறது இருபது இடம். மூணு வருஷத்துக்கு ஒருக்காத்தான் ஆள் எடுப்பாங்களாம். சோறு, படிப்பு, கோச்சிங் எல்லாம் அவங்க பொறுப்பு. அஞ்சு நாள்ல பார்த்துப் பொறுக்கி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாரம் எழுதிக் கையெழுத்துப் போடணும்.

பாரத்துல கடைசிக் கட்டம்தான் வில்லங்கம். "பத்து ஆண்டுகளில் எட்டக்கூடிய நிலை." இன்னிக்கு எப்படி ஆடுதுன்னு போற வர்றவன் எல்லாம் சொல்லிருவான். பத்து வருஷம் கழிச்சு என்னவா நிக்கும்னு சொல்லத்தான் தவசிமுத்துவைக் கூப்பிடுறாங்க. முப்பது வருஷமாக் கூப்பிடுறாங்க.

என்கூட இன்னொரு தேர்வாளர் ஜோசுவா. முப்பத்தஞ்சு வயசு, லேப்டாப்பும் கையுமா அலையிறான். அவன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். "தம்பி, சர்டிபிகேட் வயசை நம்பாத. எது போட்டிருந்தாலும் ரெண்டு கூட்டிக்கோ. நம்ம ஆளுக வயசைக் குறைச்சுத்தான் ஆட விடுறான்."

"எல்லாருமா சார்?"

"எல்லாரும்தான்."

"அதுக்குத்தான கை எக்ஸ்ரே எடுக்கிறாங்க?"

"எக்ஸ்ரே வர்றப்ப வரட்டும். எனக்கு இடுப்பையும் கெண்டைக்காலையும் பார்த்தாப் போதும்."

மே 4

நாற்பத்தேழாம் நம்பர். சண்முகக்கனி. ஊரு நடுக்கரிசல்பட்டி. யார்கிட்டயோ இரவல் வாங்கின ஷூ, முன்னாடி துணியை வச்சு அடைச்சிருக்கு. செயற்கைப் புல்லு போட்ட டர்ஃபுல ஆடினதே கிடையாதாம், பந்து வேகமா வந்து வந்து தாண்டிப் போகுது. அடிச்சா மத்த பிள்ளைக அடிக்கிறதுல முக்கால் தூரம்கூடப் போகல. பக்கத்துல நின்ன கோச் சிரிச்சிட்டான்.

ஆனா ஒண்ணு பார்த்தேன். பந்து இவகிட்ட வர்றதுக்கு முன்னாடியே இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை. ரெண்டு தடவை தலையைத் திருப்பிட்டுத்தான் பந்தை வாங்குறா. வாங்கின கையோட, யாரும் எதிர்பாராத இடத்துக்குத் தள்ளிவிடுறா. பத்துக்கு ஏழு தப்பாப் போகுது. அந்த மிச்ச மூணைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அது சொல்லிக்கொடுத்து வர்றது இல்ல. நான் பதினோரு வருஷம் ஆடியும் எனக்கு வரல.

சர்டிபிகேட்ல வயசு பதினேழு. ரெண்டு கூட்டினா பத்தொன்பது. அடச்சே.

மே 5

மதியம் சாப்பாட்டுல சாம்பார் ஊசிப்போச்சு. கான்ட்ராக்டரைச் சத்தம் போட்டேன். நாற்பத்தேழு இன்னிக்கும் தலையைத் திருப்பிப் பார்த்தா.

மே 6

பிள்ளைக எல்லாருக்கும் இடது மணிக்கட்டுல எக்ஸ்ரே எடுத்தாச்சு. ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகுமாம். அதுக்குள்ள தேறினதுகளோட லிஸ்ட் போயிரணும். தேறினதுகளோட ரிப்போர்ட்டை மட்டும் அகாடமி பார்த்துக்கிடும்.

சாயங்காலம் சண்முகக்கனியோட அம்மா வந்தா. வெள்ளத்தாய்னு பேரு. தீப்பெட்டி ஆபீஸ் வேலை, விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. "ஐயா, எடுக்கிறதா இருந்தாக் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா வெரசாச் சொல்லிருங்க. பல்லடம் பக்கம் மில்லுக்குப் பிள்ளைகளைக் கேட்டு ஏஜென்ட் வந்திருக்கான். பதினெட்டு முடிஞ்சாத்தான் எடுப்பாகளாம். இவளுக்கு ஜூன் ரெண்டாந்தேதி முடியுதாம். மூணு வருசம் உள்ளயே தங்கி வேலை பாக்கணும்."

பெத்தவளுக்கே தெரியாத மாதிரி "முடியுதாம்"ங்கிறா. எத்தனை நாடகம் பார்த்திருக்கேன். வயசைக் குறைச்சுக் கொண்டாந்துட்டு, கேட்டா முழிப்பாங்க.

ஜோசுவா ஒத்தைக்கால்ல நிக்கிறான், அவளை எடுக்கணுமாம். "சார், பதினேழுன்னே வச்சுக்குங்க. ஒரு வருஷம் நல்ல சாப்பாடு போட்டா அடி வந்துரும்."

"பதினேழா இருந்தா வரும் தம்பி. இது பத்தொன்பது. வளர்றது எல்லாம் வளர்ந்து முடிஞ்சாச்சு. இனிமே சோத்தைப் போட்டா சதைதான் வரும்."

மே 7

பத்தொன்பது பேர் முடிவாயிட்டாங்க. இருபதாவது இடத்துக்கு நாற்பத்தேழா, பன்னிரண்டா? பன்னிரண்டு நெட்டைப் பிள்ளை, வயசு பதிமூணு, அடி இடி மாதிரி. தலையைத் திருப்பாது. ஆனா பத்து வருஷம் இருக்கே, பழக்கிரலாம்.

நாற்பத்தேழோட பாரத்துல நான் எழுதினதை அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன். "சான்றிதழ் வயது 17. என் முப்பதாண்டு அனுபவத்தில் உண்மை வயது 19க்குக் குறையாது. உடல் வளர்ச்சி முடிந்துவிட்டது. அடியில் வலு இல்லை, இனி வரவும் வாய்ப்பில்லை. பரிந்துரைக்கவில்லை."

பேர் வாசிக்கும்போது அவ முன்வரிசையில உட்கார்ந்திருந்தா. இருபதாவது பேரும் முடிஞ்சப்புறம் எந்திரிச்சு, இரவல் ஷூவைக் கழட்டித் தட்டி, உரியவகிட்டக் கொடுத்துட்டு, அம்மாகூட பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனா. அழல. அழுதிருந்தா நான் இவ்வளவு நேரம் இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

மே 10

ஆபீஸ் போனேன். அஞ்சு நாள் பைல் மலையாக் கிடக்கு. அடுத்த ஏப்ரல்ல ரிட்டையர்மென்ட், அதுவரைக்கும் ஓட்டணும்.

வீட்டுல சரோஜினி, அறுபதாம் கல்யாண போட்டோவை ஹால்ல மாட்டணும்னு ஒரே பிடிவாதம். எடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு, பெட்டிக்குள்ளயே கிடக்குங்கிறா. ஆபீஸ் ஆளுக வந்து போற வீடு, உள்ரூம்ல மாட்டினாப் போதும்னேன். "ஆமா, ஊருக்கு ஒரு வயசு, ஆபீஸுக்கு ஒரு வயசு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே ஆணியைத் தேடினா.

மே 24

முழங்கால் வலி. கேஸ் சிலிண்டர் வரல.

ஜூன் 14

இன்னிக்கு நடந்ததை எப்படி எழுத.

தேறாத பிள்ளைகளோட எக்ஸ்ரே கவர் எல்லாம் ஒரு கட்டா என் வீட்டுக்குத்தான் வந்து கிடந்துது. கேட்கிறவங்களுக்குத் திருப்பி அனுப்பணும், நம்பர் சரிபார்த்துச் சொல்லுங்கன்னு ஜோசுவா போன் பண்ணான். உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். பதினாறு போட்டதுக்குப் பதினெட்டு, பதினஞ்சு போட்டதுக்குப் பதினேழே கால். பார்த்தியா பார்த்தியான்னு எனக்குள்ள ஒரு குஷி.

நாற்பத்தேழாம் கவர். எலும்பு வயது: பதினாலரை.

கவர் மாறியிருக்கும்னு நம்பரைப் பார்த்தேன். பேரைப் பார்த்தேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். வளர்ந்து முடிஞ்ச கையில எலும்போட நுனி ஒட்டிப்போயிருக்கும். இதுல ஒட்டல. நல்லா இடைவெளி தெரியுது. இன்னும் வளரப்போற கை.

பத்தொன்பதுன்னு எழுதினேனே. பாவி, நாலு வருஷத்துக்கு மேல கூட்டிட்டேனே. பத்தொன்பது வயசுல முக்கால் தூரம் அடிச்சா அது முடிஞ்சுபோன ஆட்டம். பதினஞ்சு வயசுல, அரைவயித்துச் சோத்தோட, இரவல் ஷூவைப் போட்டுக்கிட்டு, ரெண்டு பக்கமும் பார்த்துப் பந்தை வாங்குறான்னா அப்படி ஒரு பிள்ளையை நான் இந்த முப்பது வருஷத்துல பார்த்ததே இல்ல. நான்தான் பார்த்தேன். பார்த்துட்டு நான்தான் வேண்டாம்னு எழுதினேன்.

ஜூன் 15

ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு நடுக்கரிசல்பட்டி போனேன். வெள்ளத்தாய் வீட்டு வாசல்ல உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கிட்டு இருந்தா. கனி இல்ல. ஜூன் அஞ்சாந்தேதி மில் வேன் வந்து கூட்டிட்டுப் போயிருச்சாம்.

"உன் மகளுக்கு நெசமா எத்தனை வயசும்மா?"

"பதினஞ்சு நடக்குதுய்யா. மூணு வயசுலயே பள்ளிக்கூடத்துல விட்டுட்டேன். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகணும், பிள்ளையை யாருகிட்ட விட? பெரிய வாத்தியாரும், ஆள் கொறைஞ்சா பள்ளிக்கூடத்தை மூடிருவான், கொண்டா தாயின்னாரு. வயசு அவரே எழுதிக்கிட்டாரு. இப்ப அவரும் செத்துப்போயிட்டாரு."

குறைப்பாங்கன்னுதான் எனக்குத் தெரியும். கூட்டி எழுதுவாங்கன்னு ஒரு தடவைகூட நெனச்சதில்ல.

"அன்னைக்கே இதை ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலியேய்யா. பெரிய பிள்ளையா இருந்தாத்தான எடுப்பாக, சின்னப் பிள்ளைன்னு சொன்னா வேண்டாம்னுருவாகன்னு பயந்துபோய் நானும் வாயைத் தொறக்கல."

வயசுல ஒரு சிக்கல், சரிபண்ணப் பார்க்கிறேன்னு மட்டும் சொன்னேன். கனிகிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்னேன். காப்பி போட்டுக் கொடுத்தா.

ஜூன் 16

அகாடமி தலைவர்கிட்டப் பேசினேன். நல்ல மனுஷன். ஒரு பிள்ளை வீட்டு ஞாபகத்துல அழுது திரும்பிப் போயிருச்சாம், ஒரு இடம் இருக்காம். "ஆனா சர்டிபிகேட்படி அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு, தவசிமுத்து. வயசைத் திருத்த மனு போட்டாச்சு, மருத்துவக் குழு பார்த்தாச்சுன்னு பேப்பர் கொண்டாங்க. ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

நாற்பத்தஞ்சு நாள் இருக்கு. தாராளம்.

ஜூன் 19

குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தேன். மங்கையர்க்கரசின்னு ஒரு அம்மா. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாங்க. எக்ஸ்ரேயை மட்டும் வச்சு ஒண்ணும் நடக்காதாம். பள்ளிக்கூட சர்டிபிகேட் இருக்கிறவரைக்கும் அதுதான் வயசு. அதைச் சந்தேகப்பட வலுவான காரணம் வேணும்.

"அகாடமி பைல்ல உங்க பாரம் இருக்கு சார். அதுல நீங்களே அவளுக்குப் பத்தொன்பதுக்குக் குறையாதுன்னு எழுதியிருக்கீங்களே?"

"தப்பா எழுதிட்டேம்மா."

"அதையே ஒரு அஃபிடவிட்டா எழுதிக் கொடுங்க. எந்த அனுபவத்துல அப்படி எழுதினீங்க, ஏன் தப்புன்னு இப்ப சொல்றீங்கன்னு விவரமா. அடுத்த வாரமே கொடுத்தீங்கன்னா ஜூலை நடுவுல மருத்துவக் குழு தேதி வாங்கிரலாம்." அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. "மில்லுக்காரங்க வக்கீல் வைப்பாங்க. அவன் முதல்ல உங்களைத்தான் குடைவான். உங்க வயசு, உங்க சர்டிபிகேட்டுல இருந்தே ஆரம்பிப்பான். அதுக்குத் தயாரா இருந்துக்கோங்க."

சரின்னு சொல்லிட்டு வந்தேன்.

ஜூன் 22

நோட்டரி ஆபீஸ்ல டைப் அடிக்க உட்கார்ந்தாச்சு. "தவசிமுத்து ஆகிய நான்"னு அடிச்சுட்டு அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தான். "சார், வயசு?"

ஆதார் கார்டை மறந்து வந்துட்டேன்னு சொல்லி எந்திரிச்சு வந்துட்டேன்.

ஜூன் 27

மழை. முழங்கால்.

ஜூலை 2

ஆபீஸ்ல ஆடிட். நகர முடியல. திங்கட்கிழமை கண்டிப்பாப் போகணும்.

ஜூலை 6

வெள்ளத்தாய் போன் பண்ணா. "என்னாச்சுய்யா? முடிஞ்சுதா?" நடந்துக்கிட்டு இருக்கும்மான்னேன். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பேச விடுறாக. நைட் ஷிப்டுல நின்னுக்கிட்டே தூங்கிட்டாளாம், சூப்பர்வைசர் ஏசிட்டானாம். சின்னப் பிள்ளைல்லய்யா"ன்னு சொல்லி அழுதா.

ஜூலை 8

சரோஜினிகிட்ட இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். சாப்பாட்டுத் தட்டைக் கீழ வச்சுட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தா.

"பென்ஷன் போயிரும்னு பயப்படுறீங்க. அதானே?"

"அதெல்லாம் இல்ல. பேப்பர்ல என்ன இருக்கோ அதை எழுதிட்டுப் போறேன், எனக்கென்ன பயம்?"

"பின்னே ஏன் இன்னும் எழுதல?"

வாயைக் கொடுத்தா வாங்கிக் கட்டிக்கணும். அவளுக்கு என்ன தெரியும். ஒன்பது மாசத்துல ரிட்டையர் ஆகப்போறவனைக் கூண்டுல ஏத்தி எந்த வருஷம் பத்தாவது முடிச்சேன், கூடப் படிச்சவன் யாருன்னு ஒரு வக்கீல் கேட்டா மாட்டிக்குவேன். என்கூட பெஞ்சுல உட்கார்ந்தவன் எல்லாம் ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. அவனுக ஊர்லதான் இருக்கானுக. வாயும் இருக்கு.

ஜூலை 9

எழுத வேண்டாம்னு நெனச்சேன். எழுதிடுறேன், யார் படிக்கப் போறா.

நானும் ஒரு காலத்துல இப்படி ஒரு கேம்ப்புல முன்வரிசையில உட்கார்ந்து பேர் வாசிக்கிறதைக் கேட்டவன்தான். பேப்பர்ல பதினேழு. எங்க அப்பா தாலுகா ஆபீஸ் வரைக்கும் அலைஞ்சு வாங்கின பதினேழு. கடைசி ஆளா என் பேரை வாசிச்சாங்க. எனக்கு அடுத்து நின்னவன் மாசானம். நெசமாவே பதினேழு அவனுக்கு. என்னைவிட நல்லா ஆடுவான். அந்த கேம்ப்பாலதான் எனக்கு வேலை, இந்த வீடு, எல்லாம். மாசானம் அப்புறம் ஆடவே இல்ல.

நான் செஞ்சதையே எல்லாரும் செய்வாங்கன்னு நம்பினாத்தான் எனக்குத் தூக்கம் வந்துது. அந்த நம்பிக்கையைத்தான் முப்பது வருஷமா அனுபவம்னு எழுதிக்கிட்டு இருந்தேன்.

ஜூலை 10

நாளைக்குப் போறேன்.

ஜூலை 15

காய்ச்சல். லேசாத்தான்.

ஜூலை 23

ஜோசுவா வீட்டுக்கே வந்துட்டான். "சார், இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. என்ன சார் பண்றீங்க?" அவன் என்கிட்ட சத்தமாப் பேசினதே இல்ல. இன்னிக்குப் பேசினான். அவனே நோட்டரிகிட்ட இழுத்துட்டுப் போனான். வயசுன்னு அந்தப் பையன் கேட்டதும் ஐம்பத்தொன்பதுன்னேன். பையன் அடிச்சான். கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான். பத்து நிமிஷம் ஆகல.

ஜூலை 24

அஃபிடவிட்டைக் கொடுத்தாச்சு. மங்கையர்க்கரசி அம்மா தேதியைப் பார்த்துட்டு என்னையே பார்த்தாங்க. "ஒரு மாசம் ஆச்சே சார். அன்னைக்கே கொடுத்திருந்தீங்கன்னா இந்நேரம் முடிஞ்சிருக்கும்." மருத்துவக் குழு இனி ஆகஸ்ட் இருபதாந்தேதிதான் கூடுமாம். முன்னாடி தேதி கேட்டு மூணு இடத்துக்குப் போன் பண்ணிப் பார்த்தாங்க. கிடைக்கல.

ஜூலை 31

அகாடமி தலைவர்கிட்ட சாயங்காலம் வரைக்கும் கெஞ்சினேன். ஆறு மணிக்கு வேற ஒரு பிள்ளை பேரைப் போட்டுட்டாங்க. அடுத்த எடுப்பு மூணு வருஷம் கழிச்சு. அப்ப இவளுக்கு நெசமாவே பதினெட்டு.

குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழுதேன். சரோஜினிக்குக் கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 2

நடுக்கரிசல்பட்டி போய்ச் சொன்னேன். இடம் போயிருச்சு, ஆனா வயசு மனு நிக்குது, மில்லுல இருந்தாவது பிள்ளையை வெளிய கொண்டுவந்துரலாம்னேன்.

வெள்ளத்தாய் கையில இருந்த குச்சியைக் கீழ வச்சா. அப்புறம், "வெளிய வந்து என்னய்யா பண்ணுவா? விளையாட்டும் இல்ல, மில்லும் இல்லைன்னா எங்கூட உட்கார்ந்து குச்சிதான் அடுக்கணும். விட்ருங்க. மனுவைத் திருப்பி வாங்கிருங்க"ன்னா.

"நான் முந்தியே செஞ்சிருக்கணும்மா."

"நீங்க என்னய்யா பண்ணுவீக, பெரிய மனுசன், எங்களுக்காக இம்புட்டு அலைஞ்சீக"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா.

என்னைக் கும்பிட்டா.

ஆகஸ்ட் 10

மனுவைத் திருப்பி வாங்கியாச்சு. இன்னிக்கு வெள்ளத்தாய் கூட மில்லுக்குப் போனேன். சொந்தக்காரங்களை மட்டும்தான் விடுவாங்க. தாய்மாமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தகரக் கொட்டகையில பெஞ்சு போட்டிருக்கு, ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம்.

கனி வந்தா. முடியெல்லாம் பஞ்சு. மூணு மாசத்துல கொஞ்சம் வளர்ந்திருக்கா, சுடிதார் கணுக்காலுக்கு மேல ஏறிக் கிடக்கு. அம்மா கொண்டுவந்த முறுக்கைத் தின்னுக்கிட்டே ஹாஸ்டல் கதை, ஷிப்டு கதை எல்லாம் சொன்னா. அறுந்த நூலை முடிச்சுப் போடணுமாம், அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் நாள் பூரா நடக்கணுமாம்.

வெள்ளத்தாய் தண்ணி பிடிக்க எந்திரிச்சுப் போனா. அப்பத்தான் கனி கேட்டா.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நெசத்தைச் சொல்லணும். நான் அன்னிக்கு நல்லா ஆடுனேனா?"

மூணு மாசமா நெஞ்சுக்குள்ள கிடந்தது எல்லாம் வாய்வரைக்கும் வந்துருச்சு. அந்தப் பிள்ளையோட கண்ணைப் பார்த்தேன். இன்னும் ரெண்டே முக்கால் வருஷம் அவ இதுக்குள்ள நடக்கணும்.

"சுமார்தாம்மா," அப்படின்னேன்.

"சும்மா சொல்லாதீங்க சார்."

"இல்லம்மா. சுமார்தான். நல்லா ஆடின பிள்ளைகளைத்தான் எடுத்தோம்."

அவ பெருசா மூச்சு விட்டா. முகமே மாறிப்போச்சு. "அப்பாடா. நல்லா ஆடியும் வேண்டாம்னுட்டாகளோன்னு நெனச்சு நெனச்சுத் தினமும் அழுவேன் சார். இனிமே அழமாட்டேன்."

மணி அடிச்சாங்க. முறுக்குப் பொட்டலத்தை மடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. "தேங்க்ஸ் சார்"னு சொல்லிட்டு உள்ள ஓடிட்டா.